முதல்முறை கவுன்சிலிங் போகிறீர்களா? ராமநாதபுரம் கரையோரத்து மக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நம் கரையோரத்தில் மனக்கஷ்டம் தன் சொந்தப் பெயரில் வருவது குறைவு. நெஞ்சு படபடப்பாக வரும். பிடரி இழுப்பாக, கை கால் எரிச்சலாக, ‘வாயு’வாக வரும். ராத்திரி இரண்டு மணிக்கு விழித்தால் விடியும்வரை தூக்கம் இருக்காது. ஈசிஜி எடுப்பார்கள், நார்மல். ஸ்கேன் நார்மல். தைராய்டும் நார்மல். கடைசியில் ஒரு டாக்டர், “உடம்புல ஒண்ணும் இல்லம்மா, ஒரு தடவ கவுன்சிலிங் போய்ப் பாருங்க” என்று சீட்டில் எழுதித் தருவார். அந்தச் சீட்டு பீரோவில் புடவைக்கு அடியில் மாதக்கணக்காகக் கிடக்கும்.

அந்தச் சீட்டை வைத்திருப்பவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். சீட்டே இல்லாமல், யாரிடமும் சொல்லாமல், செல்போனில் தேடிக்கொண்டிருப்பவருக்காகவும். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நம் ஊர்களில் பலர் போகத் தயங்குவதற்குக் காரணம், அந்த அறைக்குள் என்ன நடக்கும் என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை என்பதுதான் என்று நினைக்கிறேன். தெரிந்துகொண்டு போனால் பாதி பயம் வாசலிலேயே நின்றுவிடும்.

முதலில் ஒரு அவசரக் குறிப்பு

செத்துப்போகலாம் என்ற எண்ணம் இப்போது இருந்தால், இந்தக் கட்டுரையைப் பிறகு படியுங்கள். 14416-ஐ அழையுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி-மானஸ் சேவை அது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104-இலும் பேசலாம். மருந்து எதையாவது குடித்துவிட்டாலோ, காயம் பட்டிருந்தாலோ 108. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. அப்படி முயன்றவரைத் தண்டிக்கும் பழைய 309-ஆவது பிரிவு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் இல்லை. அந்த நேரத்தில் உயிர்தான் முக்கியம், ஓடுங்கள்.

ஏர்வாடி பயத்தைப் பேசிவிடுவோம்

நம் மாவட்டத்தில் மனசுக்கு வைத்தியம் என்றதும் பலர் கண்முன் வருவது சங்கிலிதான். தர்காவை நம்பி மனநோயாளிகளைக் கூட்டி வரும் ஊரான ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, கட்டிப் போட்டிருந்தவர்களால் ஓடித் தப்ப முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அந்த விஷயத்தை உச்ச நீதிமன்றம் தானாகவே விசாரணைக்கு எடுத்தது. நம் தலைமுறை அந்தச் செய்தியோடு வளர்ந்தது. “கவுன்சிலிங் போ” என்று சொன்னால் அம்மாமார் முகம் வெளிறுவதில் அதிசயம் இல்லை.

இன்றைய நிலையைத் தெளிவாகச் சொல்கிறேன். மனநோய் உள்ள யாரையும் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017 சட்டம் தடை செய்துவிட்டது. மயக்க மருந்து தராமல் கரண்ட் சிகிச்சை கொடுப்பதற்கும் தடை. கவுன்சிலிங் என்பது இவை எதோடும் சம்பந்தமில்லாத ஒன்று. ஒரு அறை, இரண்டு நாற்காலி, பேச்சு. நீங்களே நடந்து உள்ளே போவீர்கள், பேசி முடித்ததும் நடந்து வெளியே வந்து பஸ் ஏறுவீர்கள். போனதற்காக யாரும் அட்மிஷன் போட்டுவிட மாட்டார்கள். தனக்கோ பிறருக்கோ பெரிய ஆபத்து இருக்கும் நிலையில் சம்மதமில்லாமல் சேர்ப்பதற்குக்கூடச் சட்டம் தனி நடைமுறை வைத்திருக்கிறது.

இன்னொரு கேள்வியும் வரும்: “தர்காவுக்கு நேந்திருக்கோம், அத விட்டுட்டு வரணுமா?” வேண்டாம். ஏர்வாடியில் துஆவும் நடக்கட்டும், மருந்தும் கிடைக்கட்டும் என்று தர்காவை ஒட்டியே அரசு சிகிச்சை ஏற்பாடு செய்ததே, ஒன்று மற்றொன்றுக்குத் தடையில்லை என்பதால்தான். ஓரியூர் கோவிலில் வேண்டிக்கொண்டவர்களும், தேவிபட்டினத்தில் பரிகாரம் செய்தவர்களும் தாராளமாக வரலாம். உங்கள் நம்பிக்கையைக் கேலி செய்கிற கவுன்சிலரிடம் இரண்டாம் முறை போகாதீர்கள். அதேபோல், டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தினால்தான் ஓதிப் பார்ப்பேன் என்று யாராவது சொன்னால் அதையும் கேட்காதீர்கள்.

யாருக்கு இது வேண்டும்

தூக்கம், பசி, வேலை, ஆட்களோடு பேச்சு, இந்த நான்கில் ஏதாவது இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டுப்போயிருந்தால் போகலாம். அதற்கு ‘முத்தி’ப்போக வேண்டும் என்ற அவசியமில்லை.

நம் பக்கத்தில் அடிக்கடி கண்ணில் படுகிறவர்களைச் சொல்கிறேன். இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டு, சிறையிலிருந்து திரும்பி வந்தவர். வந்த வாரம் ஊரே மாலை போடும். மூன்று மாதம் கழித்து அவர் தூக்கத்தில் கத்திக்கொண்டு எழுந்தால் அது வீட்டுக்கு மட்டும்தான் தெரியும். படகும் போய்விட்டது, கடனும் நிற்கிறது. அவர் கரையில் இல்லாத நாட்களில் ஒவ்வொரு அலுவலக வாசலிலும் நின்ற மனைவிக்கும் இதே படபடப்பு இருக்கும், அவரை யாரும் கேட்பதில்லை. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் கணவர் சபுரில் (வெளிநாட்டு வேலையில்) இருக்க, மாமியார், பிள்ளைகள், வரவு செலவு எல்லாவற்றையும் ஒற்றையாளாகச் சுமக்கிற பெண்கள். விடியற்காலை பாசி எடுக்கக் கடலில் இறங்கி, கை காலெல்லாம் பாறை கிழித்த புண்ணோடு வந்து சமைத்துப் போட்டு, ‘உடம்பு வலி’ என்று மட்டுமே சொல்லத் தெரிந்தவர்கள். பிள்ளை பெற்று ஒரு மாதமாகியும் அழுகை நிற்காத தாய். நீட் மார்க் பார்த்த நாளிலிருந்து அறையைவிட்டு வராத பையன்.

மீன்பிடித் தடைக்காலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது கையில் காசு இருக்காது, நேரம் மட்டும் நிறைய இருக்கும். குடி கூடுகிறது, வீட்டில் சண்டை கூடுகிறது. ஆனால் மீனவருக்குத் தொடர்ச்சியாக வாராவாரம் வந்து போக வாய்க்கிற காலமும் அதுதான். குடிக்காகப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: தினமும் நிறையக் குடித்தவர் வைராக்கியத்தில் ஒரே நாளில் நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வலிப்பு, ஆளே தெரியாத குழப்பம் வரலாம். அது உயிருக்கு ஆபத்து. நிறுத்துவதற்கு முன்னால் டாக்டரைப் பார்த்து, அவர் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும். கவுன்சிலிங் அதோடு சேர்ந்து நடக்கும்.

யாரைப் பார்ப்பது

இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர். இங்கே சொல்கிற மூவரில் மருந்து எழுத இவரால் மட்டுமே முடியும். மருத்துவ உளவியலாளர் பேச்சு வழியான சிகிச்சையில் பயிற்சி பெற்றவர். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும், பதிவு எண்ணைக் கேட்பது உங்கள் உரிமை. மனநல சமூகப்பணியாளர் குடும்பம், வேலை, அரசு உதவி என்று வெளிப்பக்கச் சிக்கல்களையும் சேர்த்துப் பார்ப்பவர். அரசு மருத்துவமனையில் ஒரு நல்ல சமூகப்பணியாளர் அமைந்தால் அது பெரிய பலம், அவரை லேசாக நினைக்காதீர்கள்.

‘கவுன்சிலர்’ என்ற பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்கிற நிலை இன்றும் இருக்கிறது. மூன்று நாள் வகுப்புக்குப் போய்வந்தவரும் மாட்டுகிறார், ஆறு வருடம் படித்தவரும் மாட்டுகிறார். அதனால், “மேடம், நீங்க என்ன படிச்சிருக்கீங்க? எத்தன வருஷமா பாக்குறீங்க?” என்று கேட்டுவிடுங்கள். முறையாகப் படித்தவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

எங்கே போவது

முதல் இடம், ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. 2022 ஜனவரியில் மருத்துவக் கல்லூரியாகத் திறந்த பிறகு, மதுரைக்கு ஓட வேண்டிய அவசியம் பலருக்குக் குறைந்திருக்கிறது. புறநோயாளிப் பிரிவில் பணம் கட்ட வேண்டாம். காலையில் போய் ஓ.பி. சீட்டு போட வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து ஏறக்குறைய 55 கிலோமீட்டர் என்பதால் முதல் பஸ்ஸுக்கே கிளம்புவது நல்லது.

மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் தாலுகா மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் மனநலக் குழு வருவதுண்டு. உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில், “மனநல டாக்டர் எந்தக் கிழமை வர்றாங்க?” என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் 104-க்குப் போன் செய்து கேளுங்கள்.

வீட்டில் அடி, மிரட்டல் என்றால் பெண்கள் 181-ஐ அழைக்கலாம். குழந்தைகளுக்கு 1098. பள்ளி மாணவர்களுக்கு 14417. சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா அமைப்பு, வாழ்க்கை வெறுத்துப்போனவர்களோடு போனில் பேசுகிறது: 044-24640050. முதலில் போனில் பேசிப் பழகிவிட்டு நேரில் போவது நல்ல வழி. நேரில் உட்கார்ந்து முதல் வார்த்தை வராதவர்களுக்கு, ஒரு முறையாவது வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருப்பது பெரிய உதவி.

போவதற்கு முன்

கிழமையைப் பார்த்து நேரம் வாங்குங்கள். ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகிற வழக்கப்படி பார்த்தால், படகில் போகிறவருக்கு மறுநாள் கரை திரும்பியதும் தூக்கம் கண்ணைக் கட்டும். அந்த நிலையில் உட்கார்ந்து பேசிப் பயனில்லை. வெள்ளிக்கிழமை பொருந்தும், ஜும்ஆவுக்குப் போகிறவர் என்றால் காலை நேரத்தையே கேளுங்கள். நேரத்தைத் தள்ளிப்போட வேண்டியிருந்தால் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். புயல் எச்சரிக்கை, கடலுக்குப் போக அனுமதி டோக்கன் இல்லை என்று கடற்கரை வாழ்க்கை எப்படி ஓடுகிறது என்பதை முதல் நாளே கவுன்சிலருக்குப் புரியவைத்துவிட்டால் பிறகு சிக்கல் வராது.

ஒரு தாளில் நாலு வரி எழுதிக்கொள்ளுங்கள். எது கஷ்டப்படுத்துகிறது, எப்போதிலிருந்து, எப்போது அதிகமாகிறது, என்ன மாறினால் நன்றாக இருக்கும். எழுத வராதவர் போனில் வாய்ஸ் பதிவு செய்துகொள்ளலாம். சாப்பிடுகிற மாத்திரைகள் எல்லாம், நாட்டு மருந்து உட்பட, அட்டையோடு எடுத்துப் போங்கள். பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளையும் எடுங்கள். தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை ஆகியவையும் சோர்வையும் படபடப்பையும் கொடுக்கும் என்பதால் அவற்றைப் பார்ப்பார்கள்.

துணைக்கு யாரைக் கூட்டிப் போவது? ஒரே ஒருவர் போதும். அவர் வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும். நம் பழக்கம், அம்மா, சித்தி, மச்சான் என்று ஆட்டோ நிறைய வந்து, கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் ஆளுக்கொரு பதில் சொல்வது. அன்புதான் அதற்குக் காரணம், ஆனாலும் உள்ளே இருப்பவர் வாய் திறக்க முடியாமல் போய்விடுகிறது. “நான் மட்டும் தனியா பேசணும்” என்று நீங்கள் சொன்னால் போதும், மற்றவர்களைக் கவுன்சிலரே பக்குவமாக வெளியே அனுப்பிவிடுவார்.

அன்றைக்கு உள்ளே நடப்பது

தனியார் இடத்தில் 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் கிடைக்கும். அரசு மருத்துவமனையில் கூட்டத்தைப் பொறுத்து அதில் ஒரு பங்குதான் கிடைக்கும். அதனால்தான் அந்த நாலு வரித் தாள் அவசியம்.

முதலில் பெயர், வயது, ஊர், வேலை, வீட்டில் யார் யார் என்று எழுதிக்கொள்வார்கள். பிறகு, “சொல்லுங்கம்மா, என்ன விஷயமா வந்தீங்க?” என்பார். இந்த இடத்தில்தான் பலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கோர்வையாகச் சொல்ல வேண்டியதில்லை. “எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல” என்று சொன்னால் அதுவே ஆரம்பம்தான். “டாக்டரு போகச் சொன்னாரு, எனக்கு இதுல நம்பிக்கையில்ல” என்று சொன்னாலும் சரி. அழுகை வந்தால் அழுங்கள். ஆம்பிளை அழலாமா என்று அந்த அறையில் யாரும் கேட்க மாட்டார்கள். பேசாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தால், பயிற்சி பெற்றவர் அவசரப்படுத்தாமல் காத்திருப்பார்.

சிலர் கேள்வித்தாள் ஒன்று தருவார்கள். மனச்சோர்வுக்கு ஒன்பது கேள்வி கொண்ட தாள் பரவலாகப் புழக்கத்தில் இருக்கிறது. கடந்த 2 வாரத்தில் தூக்கம் எப்படி, சோர்வு எப்படி, தன்னைப் பற்றியே கேவலமாகத் தோன்றியதா என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை குறிக்கச் சொல்வார்கள். மொத்தம் 27. இதில் பாஸ், ஃபெயில் கிடையாது. ஆறு வாரம் கழித்து அதே தாளை மறுபடி நிரப்பும்போது எவ்வளவு மாறியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும், பயன் அதில்தான். படிக்கத் தெரியாதவருக்குக் கவுன்சிலரே வாசித்துக் காட்டுவார்.

சில கேள்விகள் சுருக்கென்று தைக்கும். குடிக்கிறீர்களா, எவ்வளவு? கணவன் மனைவி உறவு எப்படி? யாராவது அடிக்கிறார்களா? சின்ன வயதில் தவறாக நடந்துகொண்டார்களா? வீட்டில் யாருக்காவது மனநோய் இருந்ததா? செத்துப்போகலாம் என்று தோன்றியதுண்டா? கடைசிக் கேள்வியைக் கேட்டதுமே சிலர் பதறிப்போவார்கள், நம்மைப் பார்த்தால் அப்படியா தெரிகிறது என்று. எல்லோரிடமும் கேட்பதுதான் முறை. அதைக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. இருக்கிறது என்றால், இருக்கிறது என்றே சொல்லுங்கள். சொல்ல விருப்பமில்லாத கேள்விக்கு, “இத இன்னொரு நாள் சொல்றேன்” என்று சொல்லலாம். முதல் நாளே மொத்த வாழ்க்கையையும் கொட்டிவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நம் ஊர் ஆட்கள் ஏமாந்துபோகிற இடம் ஒன்று உண்டு. பிரச்சினை என்றால் ஊர்க்கூட்டம், ஜமாத், பங்குச்சாமி, பெரியவர்கள் என்று போய்ப் பழகியவர்கள் நாம். அங்கே இரண்டு தரப்பையும் கேட்டு ஒரு தீர்ப்புச் சொல்வார்கள். அதே எதிர்பார்ப்போடு கவுன்சிலரிடம் வந்து, “நீங்களே சொல்லுங்க மேடம், தப்பு என் மேலயா அவர் மேலயா?” என்று கேட்பார்கள். அவர் சொல்ல மாட்டார். புருஷனை விட்டுவிடு என்றும் சொல்ல மாட்டார், பொறுத்துப் போ என்றும் சொல்ல மாட்டார். “அவர் அப்படிச் சொன்னப்ப உங்களுக்குள்ள என்ன ஓடிச்சு?” என்று திருப்பிக் கேட்பார். இது மழுப்பல் மாதிரி தோன்றும். ஆனால், அந்த நேரத்தில் நெஞ்சு எப்படி அடித்தது, என்ன நினைத்தீர்கள், பிறகு என்ன செய்தீர்கள் என்று நூல் பிடித்துப் போகும்போதுதான், ஒவ்வொரு முறையும் எந்த இடத்தில் சிக்கிக்கொள்கிறோம் என்பது பிடிபடும். முடிவை நீங்களே எடுக்கிற தெம்பு வருவதுதான் அவருடைய வேலையின் இலக்கு.

நேரம் முடிவதற்குள் அவர் என்ன புரிந்துகொண்டார், இனி என்ன செய்யலாம் என்கிறார், எத்தனை முறை வர வேண்டியிருக்கும் என்பதைக் கேட்டுக்கொண்டு வாருங்கள். பொதுவாக வாரம் ஒரு முறை, ஆறிலிருந்து இருபது அமர்வு வரை ஆகலாம். ஒரே நாளில் சரியாகிவிடும் என்று உறுதி கொடுப்பவரை நம்ப வேண்டாம்.

ரகசியம் காக்கப்படுமா

சின்ன ஊரில் இதைவிடப் பெரிய கேள்வி இல்லை. டோக்கன் கூப்பிடுகிற பையன் பக்கத்துத் தெருவாக இருப்பான். மெடிக்கலில் நிற்பவர் சொந்தக்காரர். பெண் பார்க்க வருகிற இடத்தில் இது தெரிந்துவிட்டால் என்ற பயம் நியாயமானது, அதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. மனநலம், சிகிச்சை பற்றிய விவரங்களை ரகசியமாக வைக்கும் உரிமை 2017 சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. வேலை கொடுத்தவருக்கோ, சொந்தக்காரருக்கோ உங்கள் சம்மதமில்லாமல் சொல்லக் கூடாது. விதிவிலக்குகள் சில உண்டு: உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்றால், நீதிமன்றம் கேட்டால். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கட்டாயம் புகார் தெரிவிக்க வேண்டும். இவற்றை முதல் நாளே கவுன்சிலர் உங்களிடம் விளக்க வேண்டும். விளக்கவில்லையா, நீங்களே கேளுங்கள்.

சட்டத்துக்கு அப்பால் நடைமுறையில் செய்துகொள்ளக்கூடியவை சில. பாம்பன்காரர் ராமநாதபுரத்திலும், ராமநாதபுரத்துக்காரர் பரமக்குடி அல்லது மதுரையிலும் பார்க்கலாம். கவுன்சிலர் உங்கள் சொந்தக்காரருக்குப் பழக்கமானவர் என்று தெரிந்தால் வேறொருவரைக் கேளுங்கள், அவரே அனுப்பி வைப்பார். பஸ் ஸ்டாண்டில் எதிரே பார்த்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். நீங்கள் முதலில் வணக்கம் வைக்காதவரை அவர் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள மாட்டார். எந்த நம்பருக்கு, எந்த நேரத்தில் போன் செய்யலாம் என்பதையும் சொல்லிவையுங்கள், வீட்டில் ஒரே போன் என்றால் இது ரொம்ப முக்கியம்.

போனில் கவுன்சிலிங் எடுப்பவர்களுக்கு வீட்டில் தனியறை இருக்காது. மொட்டைமாடிக்கோ, கரையில் ஏற்றிப் போட்ட வள்ளத்து நிழலுக்கோ போவார்கள். வாடைக்காற்று காலத்தில் அங்கே போனில் இரைச்சல்தான் கேட்கும், இயர்போன் போட்டு, காற்றுக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். திடீரென்று யாராவது வந்துவிட்டால் சொல்வதற்கு ஒரு வார்த்தையைக் கவுன்சிலரோடு முன்பே பேசிவையுங்கள். “ஐஸ் வந்துருச்சு” என்றால் பேச்சை நிறுத்து என்று அர்த்தம், அப்படி ஏதாவது.

திரும்பி வந்த பிறகு

அன்று ராத்திரி அடித்துப் போட்ட மாதிரி அசதி இருக்கலாம். பல வருஷம் அடக்கியதைப் பேசியதால், முதல் இரண்டு மூன்று முறை முன்னைவிட மோசமாகக்கூடத் தோன்றும். ‘போனதால்தான் இப்படி’ என்று அங்கேயே நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர். அடுத்த முறை போய் இதையே சொல்லுங்கள், அவருக்கு அது மிகத் தேவையான தகவல். நாட்கள் போயும் குறையாமல் கூடிக்கொண்டே போனால் தேதிவரை காத்திருக்காமல் அழையுங்கள்.

வீட்டில் “என்ன கேட்டாங்க, என்ன சொன்ன?” என்று சூழ்ந்துகொள்வார்கள். “தூக்கத்துக்கு வழி சொல்லிருக்காங்க, அடுத்த வாரமும் வரச் சொன்னாங்க” என்ற அளவில் பதில் போதும். கூட வந்தவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று: உள்ளே என்ன பேசினார் என்று கேட்காதீர்கள். சோறு போடுங்கள், சீக்கிரம் படுக்க விடுங்கள்.

வீட்டுப்பாடம் கொடுப்பதும் உண்டு. படபடப்பு வந்த நேரத்தைக் குறித்து வைப்பது, மூச்சுப் பயிற்சி, ஒதுங்கிப்போன ஒரு வேலையைத் தினம் கால் மணி நேரம் செய்வது. பேசுவதால் வருகிற பலனில் பெரும் பங்கு, அந்த ஒரு மணி நேரத்துக்கு வெளியே நீங்கள் செய்கிறவற்றில் இருக்கிறது.

மருந்து தேவை என்று மனநல மருத்துவரிடம் அனுப்பினால் பயப்பட வேண்டாம். மனச்சோர்வு மாத்திரைகள் வேலை காட்ட இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டல், தலைவலி இருக்கலாம். நன்றாக இருக்கிறது என்று திடீரென நிறுத்தக் கூடாது, டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். இவை போதைப் பழக்கம் ஆகிவிடாது. பழக்கமாகக்கூடியவை சில தூக்க மாத்திரைகள்தான். அவற்றைச் சீட்டில்லாமல் மெடிக்கலில் வாங்கி விழுங்குகிற பழக்கம் நம் பக்கம் இருக்கிறது, அதை விட்டுவிட வேண்டும். கடலுக்குப் போகிறவர், மாத்திரை தூக்கம் தருமா என்பதைக் கட்டாயம் கேட்க வேண்டும். ராத்திரி நடுக்கடலில் கண் அசந்தால் என்னாகும் என்பதை டாக்டர் அறியாமலிருக்கலாம், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒத்துவரவில்லை என்றால்

இரண்டு மூன்று முறை போயும் மனசு ஒட்டவில்லை என்றால் வேறொருவரைப் பார்க்கலாம். அதில் துரோகம் எதுவும் இல்லை. சில விஷயங்களுக்கு மூன்று முறை வரை காத்திருக்கவே கூடாது. சாதி, மதம் வைத்துப் பேசுவது, தொடுவது, தனியாக வெளியே சந்திக்கக் கூப்பிடுவது, கடன் கேட்பது, மற்ற வாடிக்கையாளரின் கதையை உங்களிடம் சொல்வது, இதில் எது நடந்தாலும் அன்றோடு நிறுத்துங்கள். தொட்டாலோ மிரட்டினாலோ 181-இல் புகார் சொல்லுங்கள்.

எப்போது நிறுத்துவது

தூக்கம் திரும்பி, வேலைக்குப் போக முடிந்து, பிள்ளை சத்தம் போட்டால் எரிச்சல் வராமல் இருந்தால், வாரம் ஒரு முறை என்பது இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாகும், பிறகு மாதம் ஒன்றாகும். சொல்லாமல் நின்றுவிடாமல் கடைசியாக ஒரு முறை போய் உட்கார்ந்து முடித்து வாருங்கள். மறுபடி சறுக்குகிறது என்பதற்கு உங்களுக்கே உரிய முதல் அறிகுறிகள் என்ன என்று அன்று கவுன்சிலரோடு சேர்ந்து எழுதுங்கள். ஒருவருக்கு அது இரண்டு மணி விழிப்பாக இருக்கும், இன்னொருவருக்கு வலைவேலைக்குக் கூப்பிட்டும் போகாமல் படுத்திருப்பதாக இருக்கும். அந்தத் தாளின் ஒரு நகலை வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். அதில் எழுதியது இரண்டு வாரம் தொடர்ந்தால், பழைய ஓ.பி. சீட்டை எடுத்துக்கொண்டு திரும்பப் போங்கள்.